கை மட்டும் போதும்

"முகமே வராதுங்கண்ணா. கை மட்டும் போதும்."

"கை மட்டுமா? மீதி ஆள இன்னாம்மா பண்ணுவ, மூட்ட கட்டி மூலையில குந்த வச்சிடுவியா?"

"சிரிக்காதீங்கக்கா, நெஜமாவே அப்படித்தான் எடுப்போம். பழைய காலத்தக் காட்டும்போது எங்க நிகழ்ச்சியில யாரோட முகமும் தெரியாது. கை, பாதம், முதுகு, அவ்வளவுதான்."

"ஆமாம்மா," என்று உள்ளேயிருந்து மகள் அபி குரல் கொடுத்தாள். "அந்தக் கென்யாக்காரம்மா எபிசோடுல அவங்க அம்மா வெறும் பாதமாத்தான வந்து போனாங்க?"

தனம் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தபடி கணவனைப் பார்த்தாள். பாவாடை சிரிக்கவில்லை. மடியில் கிடந்த தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது. அவை இருந்த இடத்தில் தோல் மழமழவென்று, ஆற்றங்கல் போல வழுவழுத்துப் போயிருந்தது.

சென்னையிலிருந்து வந்திருந்த சண்முகப்ரியா அந்த வீட்டுக்கு ஒரு புகைப்படம் கேட்டுத்தான் வந்தாள். பாவாடையின் அப்பா தனகோட்டியின் படம். அப்படி ஒன்று எடுக்கப்பட்டதே இல்லை என்று தெரிந்ததும் சோர்ந்துபோய்த் தண்ணீர் கேட்டாள். பாவாடை சொம்பின் அடியில் இடது கையைத் தாங்கக் கொடுத்து நீட்டினார். சொம்பை வாங்கியவள் குடிக்க மறந்து அந்தக் கையைப் பார்த்தாள். படத்துக்குப் பதிலாக அப்பாவாக அவரே நடிக்க வேண்டும் என்று பிறகு ஆரம்பித்ததுதான் இந்தப் பேச்சு.

"உச்சியில் ஒருவர்" என்பது அவள் வேலை பார்க்கும் டிவி தொடரின் பெயர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று உலகம் முழுக்கச் சுற்றி எடுப்பது. வாரம் ஒரு தொழிலதிபர். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தமிழில் வரும். பனிக்கடலில் மீன் பிடித்து விற்கத் தொடங்கி நாற்பது கப்பல் வைத்திருப்பவர், பழைய டயரில் செருப்புத் தைத்துத் தொழிற்சாலை கட்டியவர், குப்பைப் பிளாஸ்டிக்கில் நடைபாதைக் கல் செய்கிற அந்தக் கென்யாக்காரம்மா. எந்த நாட்டு ஆண் பேசினாலும் தமிழில் ஒரே ஆளின் தொண்டைதான். உலகத்துப் பணக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே சளி பிடித்திருக்கிறது என்று தனம் சொல்வாள். அபி ஒரு வாரம் விடமாட்டாள். அந்த வரிசையில் இப்போது அவளுடைய சித்தப்பா கலைச்செல்வன் வரப்போகிறான். ஆஸ்திரேலியாவிலும் சிலியிலும் உள்ள சுரங்கங்களில், தாது சுமந்து ஓடுகிற பெல்ட்டின் பக்கத்தில் ஆள் கை போனாலே பெல்ட் தானாக நின்றுவிடுகிற கருவியைச் செய்து விற்கிற கம்பெனி அவனுடையது.

"சார் பேட்டி குடுத்துட்டாருங்கண்ணா," என்றாள் சண்முகப்ரியா. "அவரோட அப்பா சுரங்கத்துல பெல்ட்டுக்கு அடியில வேல பாத்தப்போ, இடது கையில கடைசி ரெண்டு விரலும் போயிடுச்சாம். அந்தக் கைய நினைச்சுத்தான் இந்தக் கம்பெனிய ஆரம்பிச்சாராம். இப்ப பாத்தா உங்களுக்கும் அதே கை, அதே ரெண்டு விரல்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

பாவாடை வாசலைப் பார்த்தார். வாசலில் மிதியடியாகப் போட்டிருந்த பழைய பெல்ட் துண்டின் மேல் கோழி ஒன்று வந்து நின்று, போயிற்று.

"இன்னாய்யா," என்றாள் தனம். "உங்க அப்பாருக்குமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லியே?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால், தம்பி உலகத்துக்குப் பொய் சொன்னான் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடும்.

"ம்," என்றார்.

"பாத்தியாம்மா? அப்பன் ஒழைச்சிகினு இருக்கும்போது வுட்டாரு. புள்ள குடிச்சிட்டு வெல்ல ஆலையில வுட்டுச்சி. வெரலு ஒண்ணுதான், பேருதான் வேற வேற."

"அம்மா!" என்றாள் அபி.

"இன்னாடி அம்மா? ஊருக்கே தெரிஞ்ச சேதிதான?"

சண்முகப்ரியா தர்மசங்கடத்தோடு சுவரைப் பார்த்தாள். அங்கே கலைச்செல்வன் வருடா வருடம் அனுப்புகிற கம்பெனி காலண்டர் தொங்கியது. அதன் தலையில் கம்பெனிச் சின்னமாக மூன்று தடித்த நீலக் கோடுகள், பக்கத்தில் மெலிந்த சாம்பல் நிறக் கோடுகள் இரண்டு. தனம் அதைச் சூலம் என்று நினைத்துப் பொங்கலுக்குக் குங்குமம் வைப்பாள்.

"அதுவும் அந்தக் கைதாங்க்கா," என்றாள் சண்முகப்ரியா. "மூணு விரல் இருக்கு. ரெண்டு விரல் இல்ல."

பத்து வருடமாகப் பாவாடை தேதி பார்க்கும் காலண்டர் அது. தன் கையைத்தான் தினமும் சுவரில் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தனகோட்டிக்குப் பத்து விரலும் இருந்தன. பத்தோடும்தான் அவரைப் புதைத்தார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் செய்தவர். சுரங்கத்துக்குள் கால் வைத்ததே இல்லை. அவ்வளவு பெரிய பள்ளத்தை எட்டிப் பார்த்தால் பூமி தன்னை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பயந்தார்.

அவர் செத்து இரண்டு வருடம் கழித்து, எண்பத்தேழாம் வருடம் மே மாதத்தில் நடந்தது அது. பாவாடைக்கு இருபத்தொரு வயது. சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலி. பள்ளத்திலிருந்து பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் பெல்ட் ஓடும். அதிலிருந்து சிந்துகிற கரியை, அடியில் குனிந்து நின்று மண்வெட்டியால் வாரி வெளியே தள்ள வேண்டும். கலைச்செல்வனுக்குப் பதினாறு. பதினொன்றாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தான். உள்ளே வீடு உயரத்துக்குச் சக்கரம் சுற்றி மண்ணை வெட்டுகிற மெஷினை ஒருதரமாவது பார்க்க வேண்டும் என்று மூன்று வாரமாக அண்ணனை அரித்தான்.

அன்றைக்கு உடன் வேலை செய்கிற ராயப்பன் திருவதிகையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். காண்ட்ராக்ட் ஆட்களிடம் அந்தக் காலத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவனால் வர முடியாவிட்டால் அவனுடைய தகர டோக்கனை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ வேறு ஆள் வருவான். டோக்கன் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். அதற்கு மேலே என்ன முகம் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. கலைச்செல்வன் ராயப்பனின் டோக்கனில் உள்ளே வந்தான். மேஸ்திரி பார்த்தும் பார்க்காதது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மெஷினைப் பார்த்தான். வாய் பிளந்து பார்த்தான். அதற்குப் பிறகு, சும்மா நின்றால் சந்தேகம் வரும் என்று பாவாடை அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். திரும்பி வருகிற பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் மண்வெட்டி மாட்டிக்கொண்டது. வேலை தெரிந்தவன் அந்தக் கணமே விட்டிருப்பான். கலைச்செல்வன் அண்ணனின் மண்வெட்டி போய்விடுமே என்று நினைத்தான், விடவில்லை. அவன் முழங்கை உருளையைத் தொடப் போனபோது பாவாடையின் இடது கை நடுவே போனது. அது தானாகப் போனதா, அவர் நினைத்துப் போனதா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. தம்பி பின்னால் விழுந்தான். அண்ணன் கையை வெளியே இழுத்தபோது அதில் மூன்று விரல்கள்தான் இருந்தன. வலி வருவதற்கு முன்னால் அவர் வாயில் வந்தது ஒரு வார்த்தை.

"ஓடு."

கலைச்செல்வன் அசையவில்லை.

"திரும்பிப் பாக்காத, ஓடு. யாரு கேட்டாலும் நீ இங்க வரவே இல்ல. அப்பா மேல சத்தியம் பண்ணு. பண்றா!"

சத்தியம் பண்ணிவிட்டு ஓடினான்.

சுரங்கத்தில் கை போனது என்று எழுதினால் விசாரணை வரும். அதில், பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் அடுத்தவன் டோக்கனில் உள்ளே இருந்தான் என்று தெரிந்தால் ராயப்பன், மேஸ்திரி, அந்தக் கூட்டத்தில் நாற்பது பேர், எல்லோருக்கும் வேலை போய்விடும். மேஸ்திரி பாவாடையின் வாயைப் பிடித்து, வலி தெரியாமலிருக்கச் சாராயத்தை ஊற்றினார். ஒரு லாரியில் படுக்கவைத்து நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வெல்லம் காய்ச்சுகிற ஆலையில் கரும்பு விடும்போது கை மாட்டிக்கொண்டது என்று எழுதிக்கொண்டார்கள். மீதியைச் சாராய நாற்றம் சொல்லிவிட்டது. பாவாடை ஊர் திரும்புவதற்குள், குடித்துவிட்டு ஆலையில் கையை விட்டவன் என்ற பேர் அவருக்கு முன்னால் வீட்டுக்கு வந்திருந்தது.

அந்த ஒரு நாளைத் தவிர அவர் நாக்கில் சாராயம் பட்டதில்லை.

ஐந்து வருடம் கழித்து முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தனத்தைப் பெண் பார்த்தபோது, அவள் அண்ணன்மார்கள் வேண்டாம் என்றார்கள். வெரலு இல்லாட்டி இன்னா, வாய் நாறாம இருந்தா சரி என்று அவள்தான் சொன்னாள். கல்யாணமான மறுநாளிலிருந்து இன்றுவரை, வேலை முடிந்து வருகிறவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது தனம் லேசாக முன்னால் குனிவாள். மூக்கு ஒருதரம் விரியும். பிறகு நிமிர்ந்து, சாப்பிட வா என்பாள். இருபத்து மூன்று வருடமாகத் தினமும் நடக்கிற சோதனை. தினமும் அவர் தேறினார். தேறியவர் என்று ஒரு நாளும் அவள் எழுதிக்கொள்ளவில்லை.

ஒரே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அபிக்கு அப்போது மூன்று வயது. எல்லாவற்றையும், மண்வெட்டி மாட்டிய சத்தத்தைக்கூடச் சொன்னார். தனம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"குடிக்கிற ஆளு எல்லார்கிட்டயும் இதுமாரி ஒண்ணு இருக்கும்யா. எங்க அப்பன்கிட்ட ஏழு கத இருந்துச்சி. ஏழுலயும் அவருதான் யாரையோ காப்பாத்துவாரு."

"கலைய கேட்டுப் பாரு."

கேட்டாள். கலைச்செல்வன் அப்போது இந்தோனேஷியாவில் முதல் வேலையில் இருந்தான். மாதம் ஒருமுறை தெருமுனையில் இருக்கும் டெலிபோன் பூத்துக்குப் போன் வரும். தனம் பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது முகத்தில் கோபம்கூட இல்லை. "நான் சுரங்கத்துக்குள்ள போனதே இல்லண்ணின்னு சொல்லுது உன் தம்பி," என்று மட்டும் சொன்னாள். பாவாடைக்குத் தம்பி மேல் ஆத்திரம் வரவில்லை. அந்த வரியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தானே. ஆனால் அன்றோடு அந்தக் கதை செத்துப்போயிற்று. இனி அவர் வாயால் எத்தனைமுறை சொன்னாலும் உயிர் வராது. கலைச்செல்வன் சொன்னால்தான் உண்டு.

சண்முகப்ரியா வந்துபோன மறுநாள் காலை, சுரங்க டவுன்ஷிப்பின் பதினாறாம் வட்டத்துச் சாலை நடுவே அரளிச்செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார் பாவாடை. கை போனதிலிருந்து டவுன்ஷிப் தோட்ட வேலைதான், இருபத்தெட்டு வருடமும் காண்ட்ராக்ட். ஷிப்ட் முடிந்தவர்களின் பஸ்கள் இரண்டு பக்கமும் போயின. ஒவ்வொரு ஜன்னலிலும் தூக்கத்தில் சாய்ந்த தலைகள். அந்தப் பெருமை அப்பாவுக்கே போகட்டும் என்று ஒருமுறை நினைத்தார். செத்தவருக்கு ஒரு மரியாதை கிடைத்தால் என்ன கெட்டுவிடும்? உடனே தனத்தின் குரல் கேட்டது: அப்பன் ஒழைச்சிகினு இருக்கும்போது வுட்டாரு. குழாயிலிருந்து தண்ணீர் ஒரே செடியின் மேல் கொட்டி, பாத்தி உடைந்து, சாலைக்கு வழிந்ததை அவர் கவனிக்கவில்லை.

சுரங்கத்துக்குள் படம் எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. முத்தாண்டிக்குப்பம் சாலையில் அசோக்குமார் என்பவரின் யார்டைப் பிடித்திருந்தார்கள். கழித்துப்போட்ட பெல்ட்டை வாங்கி வெட்டி, மாட்டுக் கொட்டகைத் தரையில் விரிக்க விற்கிற இடம். பழைய இரும்புச் சட்டமும் உருளைகளும் அங்கேயே கிடந்தன. அவற்றை நிமிர்த்தி, பத்தடி நீளத்துக்குப் பெல்ட் மாட்டி, ஒரு மோட்டாரையும் இணைத்திருந்தார்கள். பள்ளம் இல்லாத சுரங்கம் ஒன்று வெயிலில் தயாராக நின்றது.

படப்பிடிப்பு நாளில் காலை ஒன்பதரைக்குக் கலைச்செல்வன் காரிலிருந்து இறங்கினான். வெள்ளைச் சட்டை, மெலிந்த கண்ணாடி. ஐந்து வருடமாயிற்று அவன் வந்து.

"இன்னா கொழுந்தனாரே," என்று தனம் தொடங்கினாள். "நாப்பத்தி நாலு வயசுல தல கருகருன்னு கெடக்குது? அந்த டப்பாவுல ஒண்ணு உங்க அண்ணனுக்கும் வாங்கியாந்திருக்கக் கூடாது?"

"அவருக்கு எதுக்கண்ணி மை? நீங்க இருக்கீங்க, பயத்துலயே கறுத்துடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அபி சித்தப்பாவின் தோளை ஒட்டி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். "அண்ணா எங்க?" என்று கேட்டுக்கொண்டே திரும்பியவன் அப்படியே நின்றான்.

பாவாடைக்குச் சாயம் போன காக்கிச் சட்டையும் அரைக்கால் டவுசரும் போட்டிருந்தார்கள். முழங்கை வரைக்கும் நிலக்கரித் தூளைப் பூசியிருந்தார்கள். சட்டத்துக்குப் பக்கத்தில், கையில் மண்வெட்டியோடு, குனிந்து நின்றுகொண்டிருந்தார். கலைச்செல்வன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததை மறந்து மறுபடியும் துடைத்தான்.

"ரொம்பப் பொருத்தமா இருக்காங்கல்ல சார்?" என்றாள் சண்முகப்ரியா. "உங்க அப்பாவ அப்படியே பாக்கற மாதிரி இல்ல?"

"ம்," என்றான். அண்ணன் சொன்ன அதே "ம்".

கேமராவைப் பெல்ட்டுக்கு அருகே தாழ்வாக வைத்தார்கள். அதன் கண்ணில் விழுவது உருளையும் கையும் மட்டும்தான். மண்வெட்டியை மெதுவாக உருளைப் பக்கம் கொண்டுபோக வேண்டும், தொடுவதற்கு ஓர் அடி முன்னால் நிறுத்திவிட வேண்டும், மீதியை வெட்டி ஒட்டிக்கொள்வோம் என்றாள். பாவாடை தலையாட்டினார். எங்கிருந்தோ ஒருவன் மோட்டாரைப் போட்டான்.

அந்தச் சத்தத்தை அவர் இருபத்தெட்டு வருடமாகக் கேட்கவில்லை. முதலில் ஒரு முனகல், பிறகு உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல்லைக் கடிக்கிற ஓசை. கரித்தூள் எழும்பி மூக்கில் ஏறியது. மண்வெட்டியை இறுக்கிப் பிடித்து முன்னால் நீட்டினார்.

யாரோ பின்னாலிருந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். தடுமாறிக் கீழே உட்கார்ந்துவிட்டார். திரும்பினால் கலைச்செல்வன். வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. மூச்சு இரைத்தது. "வுடுண்ணா, வுட்ரு, அத வுட்ரு" என்று வாய் சொல்லிக்கொண்டேயிருந்தது. மண்வெட்டி கீழே விழுந்து கிடப்பதை அவன் பார்க்கவில்லை.

மோட்டாரை நிறுத்தினார்கள்.

"சார், நீங்க ஃப்ரேமுக்குள்ள வந்துட்டீங்க," என்றாள் சண்முகப்ரியா, மெதுவாக.

கலைச்செல்வன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான். தனம் கிட்டே வந்தாள்.

"இன்னாத்துக்கு இப்பிடிப் பதறுறீங்க? காலி மிஷினுதான?"

"ஒண்ணுமில்லண்ணி. பழைய பயம்."

"பழைய பயமா?" தனத்தின் குரலில் கிண்டல் இல்லை. "சுரங்கத்துக்குள்ள போனதே இல்லன்னு போன்ல சொன்னீங்களே?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் டீ வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் கலைந்தார்கள். தனம் மட்டும் இரண்டு எட்டு நடந்து, நின்று, கொழுந்தன் கைப்பிடிக்குள் கசங்கிப்போன கணவனின் காக்கிச் சட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

கழித்த உருளைகளின் குவியலுக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும் டீ கிளாஸோடு உட்கார்ந்தார்கள். டீயை ஊதிக் குடித்தார்கள்.

"கோவமாண்ணா?"

"இன்னாத்துக்கு?"

"அப்பான்னு சொன்னதுக்கு."

"அந்த மனுசன் பள்ளத்த எட்டிக்கூடப் பாக்கமாட்டாரேடா. அவரப் போயி பெல்ட்டுக்கு அடியில வுட்டுட்டியே." பாவாடை சிரிக்கப் பார்த்தார்.

கலைச்செல்வனின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வீட்டுக்குத் திரும்பியது. "அந்தப் பொண்ணு கேமராவ வச்சிகினு, எங்கேர்ந்து ஆரம்பிச்சீங்கன்னு கேக்குது. வெரலச் சொல்லாம எனக்கு ஆரம்பமே இல்லண்ணா. உன்னச் சொல்லக் கூடாது, சத்தியம். அப்பா மேலதான வாங்குன? வாயில அவரே வந்துட்டாரு. அவர்கிட்டயே குடுத்துட்டன்."

"அன்னிக்குத் தனம் போன்ல கேட்டாளே?"

"அதுவும் அந்தச் சத்தியந்தான்."

"அதெல்லாம் எப்பவோ மக்கிப் போச்சிடா கல. ராயப்பன் செத்துட்டான். மேஸ்திரி செத்துட்டாரு. யாரு வேலையும் இப்ப போவாது."

கலைச்செல்வன் கிளாஸின் அடியில் தங்கிய சர்க்கரையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். "போன மாசமே நீ இதச் சொல்லியிருந்தின்னா..." என்றான். "பேட்டி எடுத்து முடிச்சாச்சிண்ணா. நாலு பாஷையில போவுது. இப்பப் போயி அது அப்பா இல்லன்னா, மொத்தமும் பொய்யின்னு ஆயிடும். கம்பெனியில அறுநூறு பேரு இருக்காங்க."

பாவாடைக்கு அந்தக் கணக்கு புரிந்தது. முன்பு நாற்பது பேர். இப்போது அறுநூறு. தட்டின் மறுபக்கம் இருந்தது அவருடைய இரண்டு விரல்.

"டிவி அப்பிடியே போவட்டும்டா," என்றார். "நான் டிவிய கேக்கல."

பிறகு எதைக் கேட்கிறார் என்று சொல்வதற்குள் சண்முகப்ரியா வந்துவிட்டாள். கடைசியாக ஒரே ஒரு காட்சி, வெளிச்சம் நன்றாக இருக்கிறது, சின்னப் பையனாக சார் நீங்களே உட்கார்ந்துவிட்டால் அருமையாக இருக்கும் என்றாள். பின்னந்தலை மட்டும்தான் வரும். அடிபட்ட அப்பா பையனின் தலையில் கை வைக்கிறார். அவ்வளவுதான். நிகழ்ச்சி அந்தக் காட்சியில்தான் முடியும்.

ஒரு மர ஸ்டூலில் கலைச்செல்வனை உட்கார வைத்தார்கள். மை பூசிய முடியைத் தண்ணீர் தெளித்துக் கலைத்துவிட்டார்கள். கேமரா அவன் முதுகுக்குப் பின்னால், பாவாடையின் தோளை ஒட்டி. ஸ்டூலுக்கு இடப்பக்கம், கேமராவில் படாத தூரத்தில் அபியும் தனமும் நின்றார்கள். அபி செல்போனைத் தயாராக வைத்திருந்தாள். தனம் கைகளைக் கட்டியிருந்தாள். காலையிலிருந்து இருந்த சிரிப்பு அவள் முகத்தில் எங்கும் இல்லை. கணவனின் கையைப் பார்த்தாள், பிறகு கொழுந்தனின் வெள்ளைச் சட்டையில் இருந்த கரியைப் பார்த்தாள், மறுபடியும் கையைப் பார்த்தாள். மறந்துபோன ஒரு பேரை ஞாபகப்படுத்திக்கொள்கிறவள் போல அவள் உதடு லேசாக அசைந்தது.

"சார், ஒரு சந்தேகம்," என்றாள் சண்முகப்ரியா. "அன்னிக்கு அப்பா உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா? ஒரு வரி இருந்தா நல்லாருக்கும்."

கலைச்செல்வனின் முகம் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை. முதுகு மட்டும் ஒருதரம் ஏறி இறங்கியது.

"ஓடுன்னாரு," என்றான். "திரும்பிப் பாக்காத, ஓடுன்னாரு."

சண்முகப்ரியா அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு பாவாடையிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அண்ணா, கைய வச்சிட்டு, அதே வரிய நீங்க சொல்லிடுங்க. சும்மா நேர அளவுக்குத்தான். குரல நாங்க அப்புறம் மாத்திக்குவோம்."

பாவாடை தலையாட்டினார். யாரோ விரலைச் சொடுக்கினார்கள். யார்டில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். சாலையில் போன பஸ்ஸின் சத்தமும் தேய்ந்து அடங்கியது.

அவர் கையைத் தூக்கித் தம்பியின் தலையில் வைத்தார். மூன்று விரல்கள் ஈர முடிக்குள் இறங்கின. விரல் இல்லாத இடத்திலும் அவருக்கு அந்தத் தலையின் சூடு தெரிந்தது. கைக்கு அடியில் கலைச்செல்வன் நடுங்கிக்கொண்டிருந்தான், மண்வெட்டியை விடத் தெரியாத அதே பையனாக. கேமராவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. சண்முகப்ரியா, சொல்லுங்கள் என்று கண்ணால் காட்டினாள். பாவாடை அவளைப் பார்க்கவில்லை. இடப்பக்கம், வெயிலில் கையைக் கட்டி நிற்கிறவளைப் பார்த்தார்.

"கல," என்றார். "இன்னிக்கு ஓடாத. இப்பிடித் திரும்பிப் பாருடா. தனம் இங்கதான் நிக்கிறா. இந்த ரெண்டு வெரலும் எங்க போச்சின்னு அவகிட்ட நீ ஒரே ஒரு தபா சொல்லுடா."